ராத்தங்காத காசும் எஸ்தர் அண்டாவும்

நான் ஓய்வுபெற்ற பிறகு என்னைத் தேடி வந்த முதல் ஆள் எங்கள் ஆடிட்டர் தம்பி. கையில் ஒரு பை ஆப்பிள் இருந்தது. ஆப்பிளோடு வருகிற ஆளிடம் உஷாராக இருக்க வேண்டும் என்பது என் முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் நான் படித்த பாடம். நினைத்தது போலவே வேலையோடுதான் வந்திருந்தார்.

"மேடம், ஆள் குறைஞ்சுக்கிட்டே போற சபை, மடம், சங்கமெல்லாம் காசுக்கு என்ன செய்யணும்னு ஒரு மலர் போடுதோம். உங்க சபை மட்டும் எப்படி மூடாம கெடக்குன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க."

"அண்டா வாங்குனோம்னு போட்டுக்கோங்க. அதுக்கு எதுக்கு நாலு பக்கம்?"

நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வருடா வருடம் எங்கள் கணக்கில் டிக் அடிக்கிற மனுஷனுக்கே விஷயம் தெரியவில்லை என்றால் எழுதித்தான் தொலைக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் அன்றாடக் கிருபைச் சபை என்று ஒன்று இருக்கிறது. மிகச் சின்ன கிறிஸ்தவ சபை. அதன் ஆபீஸில் கணக்கு எழுதினேன். நான் அந்தச் சபை இல்லை. கிறிஸ்தவமே இல்லை. நெற்றியில் குங்குமத்தோடு போய் குங்குமத்தோடு வீடு திரும்பியவள். அதற்கு முன் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார்கள் என்று எழுதி எழுதியே ஆறு வருடம் போனது. மில்லை மூடிவிட்டார்கள். நான் வேலை தேடிய அதே மாதம் சபையும் ஓர் அவிசுவாசியைத் தேடிக்கொண்டிருந்தது.

காரணம் சபையை ஆரம்பித்த பெரியய்யா. நான் சேரும்போதே அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அங்கே அவர் பேச்சுத்தான் சட்டம். காணிக்கைக் கணக்கை விசுவாசி எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். விசுவாசி எழுதினால் நாலாவது வருடம் அதைத் தன் காசு என்று நினைக்க ஆரம்பித்துவிடுவானாம். மனுஷனுக்கு ஆள் தெரிந்திருக்கிறது. ராஜபாளையத்தில் அவிசுவாசிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் சொன்ன சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட அவிசுவாசி நான் ஒருத்திதான்.

பெரியய்யாவின் இரண்டாவது சட்டம், யாரிடமும் காசு கேட்கக்கூடாது. மூன்றாவது, வந்த காசு ராத்தங்கக்கூடாது. காணிக்கை வந்த நாளிலேயே, சூரியன் சாய்வதற்குள் செலவாகிவிட வேண்டும். பாங்கிக் கணக்கு கிடையாது, டெபாசிட் கிடையாது, இரண்டு கட்டடம் தவிர சபை பெயரில் ஒரு குண்டூசிகூட இருக்கக்கூடாது. இந்தச் சட்டங்களை வைத்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடை நடத்திப் பாருங்கள், தெரியும்.

எனக்கு மேலதிகாரி, சபையை நடத்துகிற மூப்பர் ஞானசிகாமணி. நெடுநெடுவென்று இருப்பார். கழுத்துப் பித்தானைக்கூட விடாமல் போட்டிருப்பார். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். கண் திறந்த பிறகுதான் பதில் வரும். முதல் தடவை அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண்ணைத் திறந்து, "ஆகட்டும்மா" என்றார். எதற்கு ஆகட்டும் என்பது எனக்கு மறந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடைமுறை இதுதான். பன்னிரண்டு மணிக்கு ஆராதனை முடியும். பாயை விரித்து, மூப்பர் முன்னால், இரண்டு பெண்கள் காணிக்கைப் பையைக் கவிழ்ப்பார்கள். நான் எழுதுவேன். முதல் பங்கு செண்பகத்தோப்பு ரோட்டு வீட்டுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் சபைக்கு ஓர் ஓட்டு வீடு உண்டு. கல்யாணம் வேண்டாம் என்று ஊழியத்துக்கு வந்த ஐந்து பெண்கள் அதில் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. கடைசிவரை சோறும் கூரையும் உண்டு என்பது பெரியய்யா கொடுத்த வாக்கு. அவர்களுடைய அரிசி, பருப்பு, மருந்து போக, கரண்ட் பில். பிறகு என் சம்பளத்தில் கால்வாசி. பிறகு நோயாளிகள். அதற்கும் மேல் மிஞ்சுவதைச் சாயங்காலத்துக்குள் எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ள வேண்டும்.

சாயங்காலம் எது என்பதில் சண்டை வரும். காலண்டரில் சூரிய அஸ்தமனம் ஆறு மணிக்கு மேல் என்று போட்டிருக்கும். மூப்பர் காலண்டரை நம்பமாட்டார். எங்களுக்கு மேற்கே மலை. சூரியன் மலைக்குப் பின்னால் போனால் நாள் முடிந்தது. மேற்கு வராந்தாவில் கைவைத்த மர நாற்காலியைப் போட்டு, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கையை நீட்டி, மலைக்கும் சூரியனுக்கும் நடுவே விரல் வைத்து அளந்து, "இன்னும் நாலு விரக்கடை இருக்கும்மா" என்பார். நான் கையில் ரூபாயோடு ஓடுவேன்.

நாலு மணிக்கு வாசலில் ஒரு வரிசை நிற்கும். கஷ்டப்படுகிறவர்களும் வருவார்கள், கஷ்டப்படத் தெரிந்தவர்களும் வருவார்கள். ஓர் ஆள் வாராவாரம் காலில் கட்டோடு வருவான். இந்த ஊரில் பேண்டேஜ் துணிக்கா பஞ்சம்? வீதிக்கு வீதி நெய்கிறார்கள். ஒரு வாரம் வலது காலில் கட்டு, மறுவாரம் இடது காலில். "ஏலே, புண்ணு நடந்து போயிருச்சா?" என்று கேட்டேன். கொஞ்சம்கூடக் கூசாமல், "சுகமாகிக்கிட்டு வருதுக்கா" என்றான்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சக் காசை அந்த வரிசைக்குக் கொடுக்கவில்லை. ரோட்டு வீட்டுப் பெண்களில் மூத்தவரான எஸ்தரக்காவைக் கூட்டிக்கொண்டு நேரே சுப்பராஜா பாத்திரக் கடைக்குப் போனேன். சபை விருந்துகளுக்கெல்லாம் எஸ்தரக்காதான் சமையல். அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு மூட்டை அரிசியைத் தனியாகத் தூக்குவார். வாய் அதைவிடப் பெரிசு. அந்த வாய்க்கு ஒரு நியாயம் உண்டு. இருபத்து நாலு வயதில் சபைக்கு வந்தபோது தளவாய்புரத்தில் தனக்கு வந்த மூன்று ஏக்கரைக் கொடுத்தவர். கிரயப் பணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, அன்று சாயங்காலமே கரைந்துவிட்டது. யாரோ ஒருவருக்கு உழவு மாடு, யாரோ ஒருத்தியின் தாலி மீட்பு, ஏழெட்டு வீட்டுக்குக் கூரை. "மூணு ஏக்கரு ஒரு சாயங்காலத்துல போச்சுட்டி. பொன்னா வெளையுற பூமி" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

சுப்பராஜா தெலுங்கு வீட்டு மனுஷர். "ரண்டி ரண்டி" என்று கூப்பிட்டு ஒரு பெரிய அண்டாவைக் காட்டினார். எஸ்தரக்கா விரலை மடக்கி நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, விலையைப் பேசி, பேரம் படிந்தது. பெயர் வெட்டுகிறவர் உளியோடு வந்து, "யார் பேருக்கா?" என்றார்.

சபை பெயரை வெட்டக்கூடாது. சபைக்குத்தான் சொத்து ஆகாதே. "என் பேரைப் போடவா?" என்றேன்.

"உம் பேரை வெட்டுனா நாளைக்கே ஒம் மாமியா வந்து தூக்கிட்டுப் போவா. எம் பேரை வெட்டச் சொல்லு. எனக்குத்தான் கேக்க நாதியில்ல" என்றார் எஸ்தரக்கா.

எஸ்தர் என்று வெட்டினார்கள். ஆட்டோவில் அண்டாவை ஏற்றிக்கொண்டு போய் மூப்பர் முன்னால் இறக்கினேன். மலைக்கும் சூரியனுக்கும் நடுவே இரண்டு விரக்கடை இருந்தது.

"இது என்னம்மா?"

"அண்டா."

"காசு?"

"அது ராத்தங்கலை."

கண்ணை மூடினார். நான் டீக்குப் போகாமல் நின்றேன். கண்ணைத் திறந்து, "அண்டா காசில்ல. ஆகட்டும்" என்றார்.

அன்றிலிருந்து மிச்சம் இருந்த ஞாயிறெல்லாம் பாத்திரம்தான். அண்டா, தேக்சா, தாம்பாளம், வாளி, சட்டுவம், எவர்சில்வர் தட்டு. நான் வருவேன் என்று சுப்பராஜா ஞாயிறு மதியமும் ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்திருப்பார். பெயர் வெட்டுகிறவர் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார். கரண்டிக் காம்பில்கூட எஸ்தர். வரிசையில் நின்றவர்கள் என்னைச் சபித்தார்கள். உண்மையான கஷ்டக்காரர்கள் யாரென்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். மிச்சமெல்லாம் சபைக்குப் பின்னால் இருந்த பெரிய அறையில் கூரைவரை ஏறியது. என் கணவர், "பொட்டச்சிய கணக்கெழுத வச்சா இப்படித்தான் ஆவும்" என்றார். அவருக்கு அன்று இரவு ரசம் மட்டும்தான்.

இதற்கிடையில் சபை தேய்ந்துகொண்டே வந்தது. நான் ஆள் எண்ணிக்கை எடுத்ததில்லை, செருப்பைப் பார்ப்பேன். சேர்ந்த புதிதில் செருப்பு வாசல் கேட் வரைக்கும் கிடக்கும். போகும்போது ஜோடி மாறி யாராவது நொண்டிக்கொண்டு போவார்கள். அப்புறம் படி வரைக்கும் வந்தது. அப்புறம் ஒரே ஒரு படி. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். இங்கே இருந்தவர்கள் டிரம்ஸும் பெரிய திரையும் உள்ள சபைகளுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஆராதனையில் மூப்பர் கண்ணை மூடினால் பத்து நிமிடம் ஆகும். சின்னப் பிள்ளைகள் எத்தனை நேரம்தான் சும்மா உட்காரும்?

செருப்பு குறைந்ததும் காணிக்கை குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயில் கவிழ்த்த காசு ரோட்டு வீட்டு அரிசிக்கே போதவில்லை. எஸ்தரக்காவுக்கு எண்பது தாண்டியிருந்தது, இடுப்பு விழுந்து கட்டிலோடு கிடந்தார். மற்ற நால்வரும் எழுபதுக்கு மேல். மருந்துச் சீட்டு மட்டும் நீளமாகிக்கொண்டே போனது. நான் சம்பளம் வாங்கவில்லை. அதைத் தியாகம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம், கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் பால்ராஜ் சார் வந்தார். சென்னையில் பாங்கி மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், பழைய சபைக் குடும்பம். வந்த வேகத்தில் நிர்வாகக் கமிட்டியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எரிச்சல்.

"மூப்பரய்யா, பெரியய்யா காலத்துல ஆள் இருந்தாங்க, ஓடுச்சு. இப்ப ஆளும் இல்ல, சேமிப்பும் இல்ல. செண்பகத்தோப்பு வீட்டை ரிசார்ட்காரங்க நல்ல விலைக்குக் கேக்காங்க. வித்து டெபாசிட்ல போடுவோம். அஞ்சு பேரையும் முதியோர் இல்லத்துல சேத்துருவோம். ஒரே இல்லத்துல அஞ்சு இடம் இல்ல. ரெண்டு பேரை சிவகாசி, ரெண்டு பேரை மதுரை, எஸ்தரம்மாவைத் திருநெல்வேலி."

மூப்பர் கண்ணை மூடினார். அன்றைக்குத் திறக்கவே இல்லை.

ரோட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. எஸ்தரக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏட்டி முத்துலெச்சுமி, நான் இந்தக் கட்டில்ல இருந்து நேரா குழிக்குப் போவேன். திருநவேலிக்குப் போவ மாட்டேன். அங்க எனக்கு யாரு இருக்கா? சாவும்போது மொகம் தெரிஞ்ச நாலு கழுத பக்கத்துல இருக்கணும்லா?"

மற்ற நாலு கழுதைகளும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் பஸ்ஸில் ராஜபாளையம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். கண்டக்டர் சில்லறை கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பால்ராஜ் சார் சொத்துப் பட்டியல் போட்டார். அதன் கடைசி வரி, பழைய பாத்திரம் ஒரு லாட். எடைக்குப் போட ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தார். நான் அறையைத் திறந்தேன். பால்ராஜ் சார் வாயைப் பிளந்தார். வியாபாரி உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று. ஒரு வாளி. ஒரு கரண்டி.

"சார், இது யாரு எஸ்தரு?"

"எங்க சபையில ஒரு பாட்டி. அது சும்மா பேரு. ஏனமெல்லாம் சபையோடதுதான்."

"சும்மா பேரா? பேரு வெட்டுன ஏனத்தை அந்த ஆளு வாயால சொல்லாம நான் எடைக்கு எடுக்க மாட்டேன் சார். ஒரு தடவை எடுத்துட்டு ஸ்டேஷன்ல மூணு நாள் உக்காந்துருக்கேன். அந்தம்மாவைச் சொல்லச் சொல்லுங்க, இப்பவே ஏத்துதேன்."

எல்லோரும் பால்ராஜ் சார் காரில் ரோட்டு வீட்டுக்குப் போனோம். மூப்பரும் வந்தார். எஸ்தரக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் அந்த அறையைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

"எம்புட்டு இருக்குட்டி?"

"கூரை முட்ட இருக்குக்கா."

"எல்லாத்துலயும் எம் பேரா?"

"கரண்டியில கூட."

மேலே ஓடுகளைப் பார்த்தார். பிறகு மூப்பர் பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்பம் எம் மூணு ஏக்கரு திரும்பி வந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

மூப்பர் கண்ணை மூடக்கூட மறந்து நின்றார்.

"நான் விக்க மாட்டேன். ஒரு தடவை வித்துப் பாத்தாச்சு. இந்தா, இவ வாடகைக்கு விடட்டும். ஊர்ல கல்யாணமே நடக்கலையா? சோறு திங்க எவனும் இல்லையா?"

பால்ராஜ் சார் நல்ல மனுஷர்தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "புரட்டாசி முடியிற வரைக்கும் பாப்போம். வீட்டுச் செலவு அதுல நடந்தா நான் வீட்டைத் தொடல" என்றார்.

அவர் புரட்டாசி என்று வாயில் வந்ததைச் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது. புரட்டாசி என்றால் சனிக்கிழமைகள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் மலைமேல் பெருமாள். சனிக்கிழமை தோறும் ஜனம் குவியும், அடிவாரத்தில் கோஷ்டி கோஷ்டியாக அன்னதானம் போடுவார்கள். அதில் ஒரு கோஷ்டிக்குச் சமையல்காரர் கோபால், என் தம்பியோடு படித்தவர். போன் போட்டேன். பாத்திரம் தருவதாக இருந்தவன் வேறொரு கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டான் என்று தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். "யக்கா, நீங்க மகராசியா இருப்பிய" என்றார்.

சபையில் இரண்டு சிக்கல். மூப்பரிடம் நேராகச் சொன்னேன்.

"அய்யா, அண்டா பெருமாள் கோயில் அன்னதானத்துக்குப் போகுது. புளியோதரை."

கண்ணை மூடினார். திறந்தார். "பசிச்சவங்கதானம்மா திங்காங்க. ஆகட்டும்."

"வாடகைன்னா கேட்டு வாங்கணும். யார்கிட்டயும் காசு கேக்கக்கூடாதுன்னுதான சட்டம்?"

இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆனது. கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு களவாணிச் சிரிப்பு இருந்தது. அதற்கு முன்னால் நான் அதைப் பார்த்ததில்லை.

"விசுவாசிங்கதான் கேக்கக்கூடாது. நீங்க கேளுங்கம்மா."

கேட்டேன். எனக்கா கேட்கத் தெரியாது? அண்டாவுக்கு இவ்வளவு, தட்டு நூற்றுக்கு இவ்வளவு, அடிப்பிடித்துத் திருப்பித் தந்தால் தேய்க்கக் கூலி தனி. முதல் சனிக்கிழமை மதியம் வாடகைக் காசு கைக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் அரிசி, பருப்பு, எஸ்தரக்காவின் இடுப்பு வலிக்கு மருந்து எல்லாம் வாங்கியாயிற்று. அப்படியும் கொஞ்சம் மிஞ்சியது. மலைக்கு மேலே மூன்று விரக்கடைதான் இருந்தது. ஓடிப்போய் இன்னொரு தேக்சா வாங்கிவிட்டேன்.

நாலு சனிக்கிழமையும் ஓடியது. அதற்குப் பிறகு ஐப்பசிக் கல்யாணங்கள், சடங்கு, கிரகப்பிரவேசம், தர்கா கந்தூரி. சமையல்காரர்கள் வட்டாரத்தில் 'எஸ்தர் செட்டு' என்றால் தெரியும். பால்ராஜ் சார், விற்பதற்காக வாங்கி வைத்திருந்த ரோட்டு வீட்டுப் பத்திரத்தை மூப்பர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பேத்தி கல்யாணத்துக்கு எங்களிடம்தான் பாத்திரம் எடுத்தார். தள்ளுபடி கேட்டார், கொடுக்கவில்லை.

இப்படி மூன்று வருடம். ஆடிட்டர் தம்பி கேட்ட விஷயம் இவ்வளவுதான். இனி எழுதுவது அவர் கேட்காதது.

போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் எஸ்தரக்கா அதே கட்டிலில் போய்விட்டார். நாலு கழுதைகளும் பக்கத்தில் இருந்தார்கள், ஐந்தாவதாக நானும் இருந்தேன். கடைசியாக என்னிடம் பேசியது, "அந்த சடங்கு வீட்டுக்காரன் வாளி ரெண்டைத் திருப்பித் தரல, விட்டுராத" என்பது. மூப்பரும் வந்துவிட்டார். அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. அந்த வீட்டு வராந்தாவும் மேற்குப் பார்த்தது, மலை இன்னும் பக்கம். நாற்காலியைப் போட்டுக் கொடுத்தோம்.

நாலரை மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. அன்று காலை இரண்டு கல்யாண வீட்டு வாடகை வந்து என் கைப்பையில் அப்படியே இருந்தது. பெட்டி செய்கிற ஆசாரி ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவில்லை. குழி வெட்டுகிறவர்கள் காலையில்தான் வருவார்கள். அடக்கம் திங்கட்கிழமை. இந்தக் காசு இன்று தீர்ந்துவிட்டால் நாளைக்குப் பெட்டிக்குக் காசு இல்லை. தீராவிட்டால் ராத்தங்கும். பெரியய்யா நாள் முதல் ஒரு பைசா ராத்தங்கியதில்லை.

மூப்பரிடம் போய்ச் சொன்னேன். "ஒரு விரக்கடைதான் இருக்கு அய்யா. என்ன செய்ய?"

அவர் கண்ணை மூடவில்லை. மெதுவாக எழுந்தார். நாற்காலியின் கைகளைப் பிடித்துத் தூக்கி, முனகிக்கொண்டே திருப்பி, கிழக்கே பார்த்துப் போட்டார். மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு மலை தெரியலைம்மா. சூரியன் இருக்கா போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

விடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். காலையில் ஆசாரிக்கும் குழிக்கும் கொடுத்தேன். எஸ்தரக்காவின் சாவுக்கு வந்தவர்களுக்கு எஸ்தர் அண்டாவிலேயே கஞ்சி காய்ச்சினோம். திங்கட்கிழமை செய்த அந்தச் செலவை நான் ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு எழுதினேன். முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்க்கணக்கு அது.

ஆடிட்டர் தம்பி அதற்கும் டிக் அடித்திருக்கிறார்.